வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானப் பயிற்சி: புதுச்சேரியில் இறங்குவோமா?

நெல்லித்தோப்பிலிருந்து லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு டூவீலரில் போவது சுலபம். வானத்திலிருந்து வந்து அதே இடத்தில் ஒரு சிறிய விமானத்தை இறக்குவது அவ்வளவு சுலபமல்ல. சிமுலேட்டரில் முதன்முறை முயல்பவர்களில் பலர் ஓடுபாதையின் பாதி தாண்டிய பிறகுதான் தரையைத் தொடுகிறார்கள். பிறகு பிரேக் போட்டும் பயனில்லை, பாதை முடிந்துவிடுகிறது. காரணம் கை வேகக் குறைவு அல்ல. புறப்படும் முன் நாலு எண்களைத் தாளில் எழுதிக் கொள்ளாததுதான். அந்த எண்களையும் அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

என்ன தேவை?

ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஜாய்ஸ்டிக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கீபோர்டே போதும். மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களும் இதே பாடத்தைச் செய்து பார்க்கலாம். கீகள் மட்டும் மாறும்.

முதலில் தாள், பிறகு கீபோர்டு

கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி மானிட்டரின் அருகில் ஒட்டி வையுங்கள்.

1. குறியீடு: வி, ஓ, பி, சி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். முதல் இரண்டும் தென்னிந்தியாவைக் குறிக்கும். சென்னையின் குறியீடும் வி, ஓ என்றே தொடங்கும்.

2. ஓடுபாதை எண்: 07 மற்றும் 25. இவற்றோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் திசைகாட்டியின் டிகிரி கிடைக்கும். 07-ல் இறங்கும்போது மூக்கு 70 டிகிரியில், அதாவது கடலை நோக்கி இருக்கும். 25 என்பது அதே பாதையின் எதிர்த்திசை, 250 டிகிரி.

3. நீளம்: சுமார் 1,500 மீட்டர்.

4. உயரம்: கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 130 அடி. கடற்கரைச் சாலையைப் போலத் தாழ்ந்த இடமல்ல, லாஸ்பேட்டை மேட்டு நிலம். ஆல்டிமீட்டர் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவதால் சக்கரம் தரையைத் தொடும்போது முள் பூஜ்யத்தில் நிற்காது, 130-ல் நிற்கும்.

மூன்றாவது எண்தான் இந்த நிலையத்தின் கதை. 2013-ல் புதிய முனையம் திறந்த பிறகும் பயணிகள் சேவை பல முறை நின்று நின்றுதான் வந்தது. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீண்டும் விமானம் விட்டபோதும் ஏ.டி.ஆர். எனப்படும் புரொபெல்லர் விமானமே வந்தது. பெரிய ஜெட் விமானங்கள் முழுச் சுமையோடு வந்துபோக இந்த நீளம் போதாது. பாதையை நீட்டவோ தமிழகப் பகுதி நிலமும் வேண்டும்.

இறங்கிப் பார்ப்போம்

லாஞ்சரில் செஸ்னா 172 விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். லொகேஷன் பகுதியில் நிலையக் குறியீட்டை டைப் செய்து ஓடுபாதை 07-ஐத் தேர்வு செய்யுங்கள். ஃபைனல் அப்ரோச் என்பதை டிக் செய்து தூரம் 3 நாட்டிகல் மைல் கொடுங்கள். பிறகு ஃப்ளை பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

இறங்குவதற்கு வழக்கமான சரிவு 3 டிகிரி. அதாவது ஒரு நாட்டிகல் மைலுக்குச் சுமார் 300 அடி. நிலையத்தின் 130 அடியையும் கூட்டினால் கணக்கு இப்படி வரும்:

3 மைலில் 1,030 அடி
2 மைலில் 730 அடி
1 மைலில் 430 அடி

பேஜ் டவுன் கீயால் எஞ்சின் சக்தியைக் குறையுங்கள், கூட்ட பேஜ் அப். வலது சதுர அடைப்புக்குறிக் கீ ஃப்ளாப்பை இறக்கும். கடைசி மைலில் வேகம் 65 நாட்டில் நிற்கட்டும். இருபது நாட் கூடினால் என்ன என்று நினைக்காதீர்கள். நின்றாக வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு உயரும். 65-க்குப் பதில் 85-ல் வந்தால் ஏறத்தாழ 70 சதவீதம் அதிகப் பாதை தேவைப்படும்.

ஒரு விதியை மனதில் வையுங்கள். முதல் 500 மீட்டருக்குள் சக்கரம் தரையைத் தொடவில்லையென்றால், தொடவே வேண்டாம். முழு சக்தி கொடுத்து மேலேறி மறுபடி வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையான பைலட்டுகளும் இதைத்தான் செய்கிறார்கள்.

காற்று எந்தப் பக்கம்?

எப்போதும் எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும். புதுச்சேரியில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசும். அப்போது 07 வசதி. தென்மேற்குப் பருவக்காலக் காலை வேளைகளில் மேற்குக் காற்று வீசினால் 25.

பழகிய பிறகு என்விரான்மென்ட் மெனுவில் வெதர் விண்டோவைத் திறந்து, மானுவல் இன்புட் வரியில் காற்றுக்கான ஐந்து எண்களை 13012 என்று மாற்றுங்கள். 130 டிகிரியிலிருந்து 12 நாட் காற்று என்பது பொருள். 07-க்கு இது வலப்பக்கம் 60 டிகிரி கோணம். கணக்கிட்டால் எதிர்க்காற்று 6 நாட், குறுக்குக் காற்று 10 நாட்டுக்குச் சற்று அதிகம். மூக்கைச் சிறிது வலப்பக்கம் திருப்பி வைத்து வாருங்கள். தரையைத் தொடும் முன் ரட்டரால் நேராக்குங்கள். நியூமெரிக் பேடில் 0 இடது ரட்டர், என்ட்டர் வலது ரட்டர்.

ஒரு சுற்று

அடுத்து 07-லிருந்து கிளம்பி இடப்பக்கமாகச் சுற்றி வந்து இறங்குங்கள். திருப்பங்கள் 340, 250, 160, மறுபடி 70. ஓடுபாதைக்கு இணையாக 250-ல் செல்லும்போது ஆல்டிமீட்டர் 1,130 அடி காட்டட்டும். எதிரே ஊசுட்டேரி, முதுகுப்புறம் வங்கக் கடல். கடைசித் திருப்பத்துக்குப் பிறகு இது தலைகீழாக வேண்டும், கடல் எதிரே தெரிய வேண்டும். தெரியவில்லையா? நீங்கள் தவறான திசையில் வருகிறீர்கள்.

நிஜத்தில்?

நிஜ விமானத்தில் புதுச்சேரிக்கு வருபவர் இந்தத் தாளோடு நின்றுவிட முடியாது. ஃப்ளைட் பிளான், வான் பாதுகாப்பு அனுமதி எண், வானிலை அறிக்கை, நோட்டாம் என்னும் அறிவிப்புகள் எல்லாம் வேண்டும். நிலையம் அந்த நேரத்தில் திறந்திருக்குமா, நிறுத்த இடம் உண்டா, எரிபொருள் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவில் தனியார் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தது 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் தேவை. வீட்டுக் கம்ப்யூட்டரில் பறந்த நேரம் அதில் சேராது. ஆனால் எண்களை எழுதிக்கொண்டு கிளம்பும் பழக்கமும், சரியாக வராதபோது மேலேறிவிடும் பழக்கமும் அங்கேயும் உதவும்.

இந்த மாதப் பயிற்சி: காற்றில்லாமல் ஐந்து முறை, 13012 காற்றில் ஐந்து முறை இறங்குங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை மீட்டரில் நின்றீர்கள் என்று அதே தாளில் குறித்து வாருங்கள். பத்தாவது வரியை முதல் வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.