செம்மண் மேட்டில் வீட்டுக் காய்கறித் தோட்டம்

திண்டிவனம், மயிலம், வானூர் பகுதிகளில் வீட்டின் பின்புறம் ஒரு சென்ட் நிலம் வெறுமனே கிடப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். காரணம் வினவினால், "சரளை மண், கீரைகூட வராது" என்பர். அது பொய்யன்று. ஆயினும் விலை ஏறும்போது கூலிக் குடும்பங்களின் உணவிலிருந்து முதலில் மறைவது காய்கறியே ஆதலால், அவ்விடத்தை அப்படியே விட்டுவிடுதல் தகாது.

இம்மண்ணில் மக்கு குறைவு. மேற்பரப்பு வெயிலில் இறுகிவிடுகிறது. ஐப்பசி மழை உள்ளே இறங்காமல், மேல்மண்ணையும் இட்ட எருவையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. எனவே, விதைக்குமுன் நீரை நிறுத்துதல் வேண்டும்.

இதற்குச் சான்று அருகிலேயே உள்ளது. வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அம்மேட்டுநிலம் மழைநீர் அறுத்த பள்ளங்கள் மலிந்த பொட்டலாக இருந்தது. குடியேறியோர் வரப்பிட்டும் தடுப்பணை கட்டியும் மழைநீரை நிலத்தில் இறக்கி மரங்களை வளர்த்தனர். இன்று அங்குக் காடு நிற்கிறது. அது பல்லாண்டு உழைப்பு. ஒரு சென்ட்டுக்கு அத்துணைக் காலம் வேண்டுவதில்லை.

கோடைமழை பெய்ததும் நிலத்தைக் கொத்தி, சுற்றிலும் அரையடி வரப்பு அமைக்க. சணப்பை அல்லது தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாள் அளவில் பூக்கும் தருணத்தில் மடக்கி மண்ணில் புதைக்க. இரு வாரம் மக்கவிட்டபின், ஒன்றரை அடி ஆழ அகலமுள்ள குழிகள் வெட்டி, குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழுவுரம் மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி, ஆடிப் பட்டத்தில் பூசணி, சுரை, பீர்க்கு ஊன்றலாம். முதலாண்டில் இடம் முழுவதும் பயிரிட முயலாமல், நான்கைந்து குழிகளை நன்கு செய்தலே நலம். விழுப்புரம் பக்கம் தென்பெண்ணைக் கரை மணலில் நீர் தங்காது. அங்குக் குழிக்கு இரண்டு கூடை ஏரி வண்டல் சேர்க்க.

டி.எம்.வி. நிலக்கடலை இரகங்களைத் தந்தது திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம். அக்கடலையின் தோல் (நம் பக்கத்து வழக்கில் மல்லாட்டைத் தோல்) செடியைச் சுற்றி மூடாக்கிட ஏற்றது; ஈரம் காயாது. மக்காத தோலை மண்ணோடு கலத்தல் கூடாது. அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அரிசி, காய் கழுவிய நீரைச் செடிக்கு விடலாம். சவர்க்காரம் மிகுந்த நீர் ஆகாது. ஆடு புகாதபடி முள்வேலி கட்டாயம் தேவை.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. விதைப் பொட்டலம் வழங்கும் விழாவில் கூடுகின்ற கூட்டம், குழி வெட்டும் நாளில் கூடுவதில்லை. இறுகிய தரையில் தூவிய விதை வீணே. குழி வெட்டி எரு நிரப்பிய வீடுகளைப் பார்வையிட்டு, அவர்களுக்கே முதலில் விதை வழங்குக. உரிய அனுமதி பெற்று ஏரி வண்டலை ஊருக்குப் பொதுவாகக் கொணர்ந்தால், வண்டி வைத்திராத வீட்டாருக்கும் அது கிட்டும். இவ்வேலை ஆனி முடிவதற்குள் நிறைவேற வேண்டும்.