எந்த விமானம், எந்த நாள்?

தாம்பரம்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. நாட் போர் விமான மாதிரியின் உடலையும் இறக்கைகளையும் ஒட்டி முடித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. டீட்டெயில் வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். கடிதத்தின் கடைசியில், கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து உன்னோடு படிக்கும் தோழி உன் விமானத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வியையும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். முதல் கேள்வி சுலபமானது, அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உன் மேசையில் இருப்பது 1/72 அளவு. அசல் நாட் விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 6.73 மீட்டர், உன் மாதிரியில் அது ஒன்பதரை சென்டிமீட்டர்கூட வராது. இந்தக் கணக்கை எப்போதும் மனசில் வைத்துக்கொள். நீ ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு பெயின்ட் உரிந்த மாதிரி காட்டினால், அசலில் அது ஏழு சென்டிமீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய உரிசலோடு ஒரு போர் விமானத்தை எந்த ஃபிட்டரும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பமாட்டான். பேனல் கோடுகளும் அப்படித்தான். கால் மில்லிமீட்டர் பள்ளத்தில் கறுப்பு மையை ஊற்றினால், அசலில் ஒரு விரல் நுழையும் இடைவெளி ஆகிவிடும். அடர்த்தியான கறுப்பு வேண்டாம். பக்கத்திலிருக்கும் நிறத்தைவிட ஒரு படி இருண்ட நிறத்தை நீர்க்கக் கரைத்து ஓடவிட்டு, காய்வதற்குள் துடைத்துவிடு.

விற்கிற மாதிரிகளில் பாதியை இப்படி மிகையாகப் பூசும் அழுக்குதான் கெடுக்கிறது. பூச்சு உரிசல், புகை, எண்ணெய் வழிசல் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் அள்ளித் தெளித்திருப்பார்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு விமானம் உலகத்தில் எங்கும் பறந்திருக்காது.

நான் இங்கே கிரண் விமானங்களின் மேல் ஏறி இறங்கிக் காலம் தள்ளியவன். தேய்மானம் எங்கே வரும் என்று என் கைக்குத் தெரியும். பைலட் ஏறி இறங்கும் பக்கத்தில், காக்பிட் விளிம்பில் பூட்ஸும் கையுறையும் படும் இடம் மங்கும். எரிபொருள் மூடியைச் சுற்றிக் கறை இருக்கும். தினசரிச் சோதனைக்குத் திறக்கும் பேனல்களின் திருகுத் தலைகள் பளபளக்கும். வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும் பேனலில் திருகுகூட பெயின்டுக்குள் மூடித்தான் கிடக்கும். நாட் குள்ளமான விமானம். மெக்கானிக்குகள் பெரும்பாலான வேலையைத் தரையில் நின்றபடியே செய்துவிடலாம், அதனால் கை படும் இடங்கள் மார்பு உயரத்தில் இருக்கும். இரண்டு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகளும் காற்று உள்ளே போகும் வாய்களின் பக்கச் சுவரில் இருக்கின்றன. புகைக்கரி அங்கே வரலாம், ஆனால் சுட்ட பிறகுதான் வரும்.

சுட்ட பிறகா, சுடுவதற்கு முன்பா? டீட்டெயில் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பொதுவாக ஒரு நாட் என்று செய்யாதே. ஒரு குறிப்பிட்ட விமானத்தை, ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படிச் செய்.

1971 டிசம்பர் 14-ஐ எடுத்துக்கொள். ஸ்ரீநகர் விமானதளத்தைப் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்குகின்றன. ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே 18-ஆம் ஸ்குவாட்ரனின் ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன் தன் நாட் விமானத்தை மேலே கிளப்புகிறார். அத்தனை பேரோடும் மோதி, கடைசியில் விழுந்துபோகிறார். நம் விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அதே 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு நம் சூலூரில் மறுபடி உயிர்பெற்றது.

அந்த நாளை நீ செய்வதாக இருந்தால் உன் முடிவுகள் பாதி தானாகவே வந்துவிடும். 1965 போரில் வெள்ளி நிறத்தில் பறந்த நாட் விமானங்கள் 1971-க்குள் உருமறைப்பு வண்ணத்துக்கு மாறியிருந்தன. ஆக, வெள்ளி கூடாது. ஆயத்த நிலையில் நின்ற விமானம் என்பதால் துருவும் கறையும் ஏறியிருக்காது. டயரிலும் அடிவயிற்றிலும் ஓடுதளப் புழுதி படிந்திருக்கலாம். கிளம்பும் நொடியைக் காட்டினால் பீரங்கி வாய் சுத்தமாக இருக்க வேண்டும். அஜீத் என்ற பெயரில் வரும் பெட்டியை வாங்கி இந்த நாளைச் செய்துவிடாதே. இறக்கைக்குள் எரிபொருள் வைத்து எச்.ஏ.எல். மேம்படுத்திய அந்த விமானம் பறந்ததே 1975-இல்தான். ஏர்ஃபிக்ஸ் 1/72-இல் விற்கும் நாட் டி.1 இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம், அதுவும் உனக்கு ஆகாது. பெட்டிப் படத்தை நம்பாதே, அசல் புகைப்படத்தைத் தேடு. தேசிய வட்டத்தில் காவி வெளியே, பச்சை நடுவில்.

நிறத்தைப் பற்றி ஒன்று. அசல் பெயின்டின் நிறத்தை அப்படியே பூசினால் சின்ன மாதிரியில் அது கறுத்துத் தெரியும். கழுவெளி ஏரி ஓரம் நின்று அக்கரைப் பனைகளைப் பார், பக்கத்துப் பனையின் பச்சை அங்கே இருக்காது. இடையில் இருக்கும் காற்று நிறத்தை வெளிறச் செய்துவிடுகிறது. ஒன்பது சென்டிமீட்டர் இறக்கையை நீ பார்ப்பது, அசலைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். ஒவ்வொரு நிறத்திலும் துளி வெளிர் சாம்பல் சேர்த்துக்கொள்.

இனி பூச்சு உரிசலைக் காட்டும் வித்தைக்கு வருகிறேன். உலகமெங்கும் மாதிரி விமானம் செய்பவர்கள் உரிந்த பூச்சைக் காட்ட உப்பையும் பயன்படுத்துகிறார்கள். அது உன் ஊர்ப் பக்கத்திலேயே மலையாகக் குவிந்து கிடக்கிறது. மரக்காணம் கல் உப்பில் ஒரு பிடி எடுத்து அம்மியில் லேசாக நுணுக்கு. மாவாக்கிவிடாதே, பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்தால்தான் உரிசல் இயற்கையாக வரும். முதலில் வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிடு. உரிய வேண்டிய இடத்தில் மட்டும் தூரிகையால் தண்ணீர் தொட்டு, உப்பை விரல் நுனியால் கிள்ளித் தூவு. தண்ணீர் வற்றியதும் உப்பு ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் பச்சையோ சாம்பலோ, பனி படிவதுபோல் மெல்லிய ஸ்ப்ரேயாக அடி. தூரிகை வேண்டாம், உப்பு நகர்ந்துவிடும். காய்ந்ததும் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய். உப்பு உதிர்ந்த இடமெல்லாம் வெள்ளி எட்டிப் பார்க்கும், ஓரங்கள் ஒழுங்கில்லாமல், உள்ளபடி உரிந்த மாதிரியே இருக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசு. மிச்ச உப்பு ஈரத்தை இழுத்து மேல்பூச்சைக் கெடுத்துவிடும்.

ஆனால் இந்த வித்தையை நாட் விமானத்தில் காட்டாதே. அசல் கணக்கில் அரை மில்லிமீட்டர் உப்புக்கல் மூன்றரை சென்டிமீட்டர் உரிசல் என்பதை மறக்காதே. இதற்குப் பொருத்தமான விமானம் வேறு, கீழே சொல்கிறேன். அதற்குள் ஒரு நாள் உப்பளத்துப் பக்கம் போய், தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களில் பெயின்ட் எங்கே முதலில் விடுகிறது என்று பார்த்து நோட்டில் வரைந்து வை. போல்ட்டைச் சுற்றி, விளிம்பில், தண்ணீர் தேங்கும் மூலையில். உப்புக்காற்று விமானத்தையும் அதே இடங்களில்தான் பிடிக்கும். கடல்மேல் தாழப் பறந்து திரும்பும் விமானங்களை நல்ல தண்ணீரில் கழுவுவது அதனால்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும், வெயில் ஏறிய பிறகு அடி. டெக்கால் ஒட்டும் முன் பளபளப்புக் கோட் ஒன்று கொடு, இல்லாவிட்டால் அடியில் காற்று தங்கி வெள்ளித்திட்டு தெரியும். டெக்கால் தாளை ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு வை. உதிரிகள் வரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கி எறியாதே. மெழுகுவத்திச் சூட்டில் காட்டி இழுத்தால் ஆன்டெனா கம்பிக்கு முடி போன்ற இழை கிடைக்கும். பழைய மோட்டார் காயிலின் செப்புக்கம்பி பிரேக் குழாய்க்கு ஆகும். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர் போடு, தூள் பறக்காது. கம், தின்னர் எடுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், மாஸ்க் போடு. பிளேடை உன்னை நோக்கி இழுக்காதே.

இப்போது உன் தோழியின் கேள்வி. "இதுதான் எங்கள் வீட்டின்மேல் குண்டு போட்டது மாதிரியான சாமான், இதை ஏன் அழகு பண்ணுகிறாய்?" என்று கேட்டாள் என்று எழுதியிருந்தாய். நீ பதில் சொல்லாமல் நின்றது நல்லதுதான். அவசரமாக எதையாவது சொல்லியிருந்தால் அவளுக்கு வலித்திருக்கும்.

அவள் வீட்டார் வானத்தில் கேட்ட சத்தத்துக்குப் பெயர் கிபிர். இலங்கை விமானப்படை 1996-இல் அந்தப் போர் விமானத்தை இஸ்ரேலிடமிருந்து வாங்கியது. வன்னியில் அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பதுங்குகுழிக்குள் ஓடினார்கள். 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டத்தில் செஞ்சோலை வளாகத்தின் மேல் குண்டு விழுந்து மாணவிகள் பலர் செத்துப்போனார்கள். விமானத்தை மேலிருந்து பார்க்கிறவனுக்கும் கீழிருந்து பார்க்கிறவளுக்கும் அது ஒரே பொருள் இல்லை. நான் என் உழைப்புக் காலம் முழுவதையும் மேலிருந்து பார்க்கிறவர்களோடு கழித்தவன், விமானத்தை நேசிப்பவன். ஆனாலும் அவள் கேள்வி நியாயமானது என்றுதான் சொல்வேன்.

இந்த வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, அங்கே நிறுத்தியிருந்த ஓய்வுபெற்ற இரண்டு விமானங்களின் பக்கத்தில் மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் உட்கார்ந்திருப்பார் என்று தன் கதையில் எழுதியிருக்கிறார். அந்த ஈர்ப்பில் தப்பில்லை. தப்பு எங்கே வருகிறதென்றால், குண்டை இறக்கையில் அழகாக மாட்டிவிட்டு அது விழுந்த இடத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பதில். ஒரு நாளைத் தேர்ந்தெடு என்று சொன்னேன் அல்லவா, அந்த நாளில் கீழே இருந்தவர்களும் அதில் சேர்த்தி. மாதிரியின் அடியில் ஒரு அட்டை வை. விமானம், ஸ்குவாட்ரன், இடம், தேதி, ஓட்டியவர், அன்று என்ன நடந்தது, யார் இறந்தார்கள். இரண்டு பக்கத்தையும் எழுது. அட்டையில் எழுத மனம் வராத விமானத்தைச் செய்யாதே. கிபிர் பெட்டி கடையில் கிடைக்கும். நான் அதைச் செய்யமாட்டேன்.

அடுத்து நீ செய்ய நான் சொல்வது காட்டலினா. தண்ணீரில் இறங்கும் கடல் விமானம், உப்பு வித்தைக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. உப்புநீரில் இறங்கிய விமானத்தின் மிதக்கும் அடிவயிற்றில் நீர்மட்டக் கோடு வரை உப்பு அரித்திருக்கும். பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் காட்டலினாக்கள் இரண்டாம் உலகப் போரில் நம் செங்குன்றம் ஏரியிலிருந்து பறந்தன. இன்னொரு காட்டலினா இலங்கையின் கொக்கலையிலிருந்து பறந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று கனடாவின் 413-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லெனார்ட் பிர்ச்சால், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்துவிட்டார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். உயிர் பிழைத்தவர்கள் சிறைப்பட்டார்கள். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது தீவு அதை எதிர்பார்த்துத்தான் இருந்தது. ஆசியப் போர்முனையில் பிரிட்டிஷ் தரப்பு விமானங்களின் வட்டக் குறியில், ஜப்பானிய வட்டத்தோடு குழம்பக் கூடாதென்று பிறகு சிவப்பையே எடுத்துவிட்டார்கள். அதனால் ஆண்டைப் பார்த்துக் குறி ஒட்டு.

உன் தோழிக்கு விருப்பம் இருந்தால் அந்த அட்டையை அவளையே எழுதச் சொல். விருப்பம் இல்லையென்றால் வற்புறுத்தாதே.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அம்மாவோடு திண்டிவனம் வந்து தாம்பரம் பஸ் பிடி. கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்தில் மாருத் விமானத்தைக் காட்டுகிறேன், குர்ட் டாங்க் வடிவமைப்பில் 1961-இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த நம் ஜெட். டேப்பும் நோட்டும் எடுத்து வா, ரிவெட் இடைவெளியை அளந்து கொள்ளலாம். வருவதற்குள் நாட் விமானத்தின் பேனல் கோடுகளை முடித்து, ஒரு படம் எடுத்து அம்மா போனிலிருந்து அனுப்பு.

அன்புடன்,
மாமா