அனுபவச் சான்றிதழும் அமானத்தும்



சில மாதங்களுக்கு முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார்கள். பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். நான்கு ஆண்டுகளில் நான்கு கம்பெனிகள் மாறியிருந்தார். நடுவில் ஏழு மாதம் வீட்டில் இருந்தார். "இன்டர்வியூவில் இதைத்தான் கேட்பார்கள் பாய். அந்த ஏழு மாதமும் டிரஸ்டில் வேலை பார்த்ததாக ஒரு லட்டர் கொடுங்கள்" என்றார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. தாயார் மன வருத்தத்தோடு எழுந்தார்கள். ஏன் கொடுக்கவில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்தோம் என்பதை எல்லாக் குடும்பங்களும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

முதல் காரணம் மார்க்கம். நடக்காத வேலைக்குச் சான்று கொடுப்பது பொய்சாட்சி. அறக்கட்டளையின் முத்திரை உங்கள் அமானத்.

இரண்டாவது, பொய் நிற்காது. பி.எஃப். பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் 12 இலக்க யு.ஏ.என். எண் உண்டு. எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அதில் பதிவாகிறது. மூன்று வேலையை ஒன்றாக்கி எழுதினாலும், மாதங்களை நீட்டினாலும், சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். வேலை மாறியதை மன்னிப்பவர்கள் பொய்யை மன்னிப்பதில்லை.

மத்யன் நகருக்கு வந்த மூஸா (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஊரை விட்டு ஓடி வரவேண்டிய நிலை. கையில் எதுவும் இல்லை. பெரியவர் ஒருவர் அழைத்தபோது, தமக்கு நேர்ந்ததை அவர்கள் எடுத்துச் சொன்னதாக அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. அவர்களுடைய வலிமையையும் நம்பகத்தையும் சொல்லிப் பெரியவரின் மகள் பரிந்துரைத்தார். பிறகுதான் எட்டு ஆண்டு வேலை, விரும்பினால் பத்து ஆண்டு என்று தவணை பேசப்பட்டது. இன்றைய நேர்காணலிலும் இந்த மூன்றுதான் கேள்வி: ஏன் விட்டாய்? என்ன தெரியும்? எவ்வளவு காலம் இருப்பாய்?

அந்தப் பையனை உட்காரவைத்து, ஒவ்வொரு வேலையையும் ஏன் விட்டார் என்று தாளில் எழுதச் சொன்னோம். பிறகு அவரே இப்படிச் சொல்லிப் பழகினார்:

"சார், முதல் இரண்டு இடமும் ஒரு வருட கான்ட்ராக்ட். முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் ஒன்பது மாதம் இருந்தேன். அத்தாவுக்கு இதய ஆபரேஷன் நடந்ததால் நானே விட்டுவிட்டு ஏழு மாதம் பார்த்துக்கொண்டேன். இப்போது நலமாக இருக்கிறார். கடைசி இடத்தில் எட்டு மாதம். ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்தார்கள். சி.என்.சி. மெஷினைத் தனியாக செட்டிங் செய்து ஓட்டுவேன்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. கான்ட்ராக்ட் முடிவதும் கம்பெனி மூடுவதும் உங்கள் குற்றமல்ல. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது. 2022இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி முடிந்தது. வேலை போன ஆயிரக்கணக்கானோர் திறமையில்லாதவர்கள் அல்லர்.

2. கூடுதல் சம்பளத்துக்காக மாறினீர்களா? கோபத்தில் விட்டீர்களா? அதையும் சொல்லுங்கள், அதில் கற்ற பாடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய முதலாளியைக் குறை பேசாதீர்கள்.

3. துபாய் விசாவுக்குக் காத்துக்கொண்டே "ஐந்து வருடம் இருப்பேன்" என்பதும் பொய்தான். இருக்க முடிந்த காலத்தை மட்டும் சொல்லுங்கள்.

4. விலகும்போதெல்லாம் ரிலீவிங் லட்டரும் கடைசிச் சம்பளச் சீட்டும் வாங்கி வையுங்கள். பி.எஃப். பணத்தை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடாமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். மாற்றினால் பழைய ஆண்டுகளும் சேரும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நம் செஞ்சிப் பிள்ளைகள் திண்டிவனம், செய்யாறு, ஒரகடம், புதுச்சேரி என்று பிழைப்புக்குப் போகிறார்கள். கான்ட்ராக்ட் முடிந்து திரும்பும் பிள்ளையை "ஓரிடத்தில் நிலைக்கமாட்டான்" என்று உறவினர் முன் சொல்லாதீர்கள். வீட்டில் அப்படிக் கேட்டுக் கூசிய பிள்ளைதான் நேர்காணலில் பொய்யைத் தேடுகிறது. அந்தப் பையன் ஏழு மாதம் தகப்பனாருக்குப் பணிவிடை செய்தவர். மறைக்க வேண்டிய காலமா அது?

முதலில் போன கம்பெனியில் அவரை எடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில் கேட்டுவிட்டு, மெஷின் முன் நிறுத்திப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். தாயார் இனிப்போடு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

நேர்காணலுக்குப் போகும் ஆண், பெண் பிள்ளைகள் முன்கூட்டியே அலுவலகத்துக்கு வாருங்கள். லட்டர் கிடைக்காது, உட்கார்ந்து பயிற்சி கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்