ஒளியும் உழைப்பும்: மனப்பதிவியக் கலை பற்றிச் செமோரிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

கலை வரலாறு என்றாலே அது ஐரோப்பியரின் சொத்து, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்னும் எண்ணம் நம் மாணவரிடையே பரவலாக உள்ளது. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் நாம் கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றை ஆராய்கிறோம்; ஓவியத்தையும் சிற்பத்தையும் பிறருக்கு விட்டுவிடுகிறோம். இம்ப்ரெஷனிசம் எனப்படும் மனப்பதிவியமும், அதனைத் தொடர்ந்து வந்த பின் மனப்பதிவியமும் ஓவியம், சிற்பம், இசை, நடனம், நாடகம் ஆகிய ஐந்து துறைகளிலும் தடம் பதித்தவை. அத்தடங்கள் நம் பக்கமும் வந்துள்ளன. பேராக் மாநிலத்தின் செமோரில், ரப்பர்த் தோட்டமும் ஈயக் குட்டையும் சுண்ணாம்புக் குன்றும் சூழ வளர்ந்தவன் என்ற முறையில் அவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓவியம்: பொழுதைத் தீட்டியவர்கள்

1874ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பாரிஸில், நதார் என்ற புகைப்படக் கலைஞரின் பழைய கூடத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி தொடங்கியது. அரசுசார் கண்காட்சியின் தேர்வுக் குழுவை நம்பியிராமல் மோனே, ரெனுவார், டெகா, பிஸாரோ, செசான் முதலிய ஏறத்தாழ முப்பது கலைஞர்கள் தாங்களே கூடி அதனை நடத்தினர். அங்கு மோனே வைத்த ‘மனப்பதிவு: சூரிய உதயம்’ என்ற 1872ஆம் ஆண்டு ஓவியத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்ற விமர்சகர் கேலி செய்து எழுதினார். அந்தக் கேலிப் பெயரே இயக்கத்தின் பெயராக நிலைத்தது. 1886 வரை இக்குழுவினர் எட்டுக் கண்காட்சிகள் நடத்தினர்.

இவர்கள் செய்த புதுமை என்ன? அரசர், தேவதை, போர்க்களம் ஆகியவற்றை விட்டு ஆற்றங்கரை, ரயில் நிலையம், சலவைக்காரப் பெண்கள் எனக் கண்முன் உள்ள வாழ்வைத் தீட்டினர். பொருளின் நிறம் நிலையானது அன்று, ஒளிக்கேற்ப மாறுவது என்று கண்டனர். நிழலைக் கறுப்பால் நிரப்பாமல் நீலமும் ஊதாவும் கொண்டு தீட்டினர். மோனே 1892 முதல் 1894 வரை ருவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். ஒவ்வொன்றிலும் பொழுது வேறு. ஆகவே ஓவியமும் வேறு.

தமிழ் மாணவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது. முல்லைக்கு மாலை, மருதத்திற்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என்று சிறுபொழுதுகளை நம் முன்னோர் பகுத்தனர். மோனேவுக்குத் திணை தெரிந்திருக்கும் என்று நான் கூறவில்லை. பொழுது மாறினால் உணர்வும் மாறும் என்னும் உண்மையை இரு மரபுகளும் தனித்தனியே கண்டன என்பதே என் கருத்து.

இவ்வியக்கத்திற்குத் துணைநின்ற பொருள் ஒன்று கிந்தா பள்ளத்தாக்கினருக்கு மிகவும் பழக்கமானது. 1841இல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட், வண்ணத்தை அடைத்து வைக்கும் பிதுக்கு குழாயைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தனர். அது எளிதில் உலர்ந்துவிடும். குழாய் வந்த பின்னரே எண்ணெய் வண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வயல்வெளியில் அமர்ந்து தீட்டுவது எளிதாயிற்று. அந்தக் குழாய் நம் ஊரில் ஈயம் என்று சொல்லப்படும் வெள்ளீயத்தால் ஆனது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதி மலாய் மாநிலங்களிலிருந்தே சென்றது. அதில் கிந்தாவின் பங்கு பெரிது.

ஒளியை மட்டும் தீட்டினால் போதுமா?

இக்கேள்வியிலிருந்தே பின் மனப்பதிவியம் பிறந்தது. அப்பெயரை 1910இல் லண்டனில் நடத்திய கண்காட்சிக்காக ரோஜர் பிரை வழங்கினார். செசான், வான் கோ, கோகான், ஸோரா ஆகியோர் ஒருவரைப் போல் ஒருவர் தீட்டியவர்கள் அல்லர். ஸோரா வண்ணங்களைப் புள்ளிகளாகப் பிரித்து அடுக்கினார். வான் கோ தம் மனக்கொதிப்பைத் தூரிகை வீச்சில் இறக்கினார். கோகான் இயற்கை நிறத்தை விட்டு, தட்டையான கற்பனை நிறத்தை நாடினார். ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களின் புகைப்படங்களை வைத்திருந்து, அவற்றின் உருவநிலைகளைத் தம் ஓவியங்களில் அமைத்தார். செசான், கணத்தில் மறையும் ஒளிக்கு அடியில் மாறாத கட்டமைப்பைத் தேடி, தம் ஊருக்கு அருகிலிருந்த சேன் விக்துவார் மலையை அறுபது தடவைக்கு மேல் தீட்டினார். அது ஒரு சுண்ணாம்புக்கல் மலை. செமோரின் கந்தான் மலையும் சுண்ணாம்புக்கல்லே. ஒன்று உலக அருங்காட்சியகங்களில் இடம்பெற்றது. மற்றதன் ஒரு பகுதி சிமெண்டுக்காக வெட்டப்பட்டுவிட்டது.

சிற்பம்: ரோடானும் ஆடல்வல்லானும்

மெழுகு, களிமண் ஆகியவற்றில் விரல் தடத்தை அழிக்காமல் விட்டு, மேடுபள்ளங்களில் ஒளி விளையாடும்படி செய்தவர்கள் ரோடானும் இத்தாலியரான ரோஸ்ஸோவும் ஆவர். 1889இல் மோனேயும் ரோடானும் இணைந்து ஒரு கண்காட்சி நடத்தியது இரு துறைகளின் நெருக்கத்தைக் காட்டும்.

சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசர் முதலிய செப்புத்திருமேனிகளின் புகைப்படங்கள் ரோடான் கைக்குக் கிடைத்தன. அவற்றைப் பார்த்து வியந்து அவர் எழுதிய ‘சிவ நடனம்’ என்னும் கட்டுரை, அவர் 1917இல் மறைந்த பின், 1921இல் பிரெஞ்சு மொழியில் வெளியானது. திருமேனியின் உடலில் ஒளியும் நிழலும் ஓடும் விதமே அவரை ஈர்த்தது. கோயிலில் ஆடையும் மாலையும் சூடிய நிலையில் நாம் வணங்கும் மூர்த்தியைச் சிற்பமாக நின்று பார்க்கவும் அக்கட்டுரை கற்றுத்தருகிறது.

ரோடானின் தாக்கம் சென்னைக்கும் வந்தது. 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அவ்வழியில் உருவங்களைச் சமைத்தார். மெரினா கடற்கரையில் 1959இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையதே. பாறையை நெம்பும் நால்வரின் முதுகிலும் தோளிலும் விழும் வெயில், அவர்களின் பளுவை நமக்கு உணர்த்துகிறது.

இசை, நடனம், நாடகம்

1889ஆம் ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் ஜாவாவின் காமெலான் இசையைக் கேட்டுக் கிறங்கியவர் தெபுஸி. 1903இல் அவர் அமைத்த ‘பகோட்’ என்னும் பியானோ இசையின் முதன்மை மெட்டு ஐந்து சுரங்களில் அமைந்தது. அச்சுரங்கள் நம் மோகன ராகத்தின் சுரங்களே. மோகனத்தைப் பழந்தமிழரின் முல்லைப் பண்ணோடு இணைத்துக் கூறுவர் இசை அறிஞர். மனப்பதிவிய இசையமைப்பாளர் என்ற அடைமொழியைத் தெபுஸி விரும்பவில்லை. எனினும் மெட்டை முடிவை நோக்கி விரட்டாமல் ஓசையின் நிறத்தில் தங்கி நிற்பதால் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை.

நடனத்தில், 1892 முதல் பாரிஸில் ஆடிய லோயி புல்லர் பட்டுத் துணியைச் சுழற்றி அதன்மீது வண்ண மின்னொளியைப் பாய்ச்சினார். ஆடுபவரின் உடல் மறைந்து ஒளியே ஆடியது. 1906இல் பிரான்சுக்கு வந்த கம்போடிய அரசவை நடன மங்கையரை ரோடான் விரைவுக் கோடுகளால் வரைந்து குவித்தார்.

நாடகத்தில் மேட்டர்லிங்கின் ‘பெலியாஸும் மெலிசாந்தும்’ 1893இல் மேடையேறியது. செயலை விட மௌனத்திற்கும் சூழலுக்கும் அதில் இடம் அதிகம். அதனை 1902இல் தெபுஸி இசைநாடகமாக்கினார். அந்நாடகத்தை மேடையேற்றிய லூனியே போ 1895இல் வடமொழியின் மிருச்சகடிகத்தையும் அரங்கேற்றினார். அதற்கு நிகழ்ச்சி நிரல் வரைந்தவர் பின் மனப்பதிவிய ஓவியரான துலூஸ் லோத்ரெக். பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் ‘மண்ணியற் சிறுதேர்’ என்று தமிழாக்கித் தந்தது அதே நாடகத்தைத்தான்.

நம் மண்ணில்

மலாயாவுக்கு இக்கலை வந்த வழி கவனிக்கத்தக்கது. 1920களில் பினாங்கில் ஓர் ஓவியக் குழு இயங்கியது. பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்மணிகள் அடங்கிய அக்குழுவைப் பினாங்கு மனப்பதிவியர் என்பர். அதில் இடம்பெற்ற மிகச் சில ஆசியருள் அப்துல்லா அரிப் ஒருவர். அன்றைய தோட்டத் தமிழருக்கு அத்தகைய குழுக்களில் இடமிருந்திருக்க வாய்ப்பில்லை.

சென்னையில் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கத்தில் கேரள நீர்நிலைகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். பின்னர் வான் கோ, கோகான் ஆகியோரின் தாக்கம் பெற்றார். அதையும் கடந்து எழுத்தும் குறியீடும் கொண்ட தம் சொந்த மொழியை அடைந்தார். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அவர் நிறுவினார். அழகன்குளத்தில் 1943இல் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன் அந்தச் சென்னைக் கல்லூரியில் பயின்று திரும்பி, மலேசியாவின் முன்னணி ஓவியர்களுள் ஒருவரானார். ஆகவே பாரிஸிலிருந்து சென்னை வழியாகவும் நமக்கு ஒரு பாதை உண்டு.

தோட்டத்தை எப்படிப் பார்ப்பது?

வைகறை இருட்டில் பெரட்டுக் களத்தில் நின்று, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்து, விடியும்போது மங்கில் பால் சொட்டுவதைக் கண்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள். கித்தா மரங்களின் இடையே சாய்ந்து விழும் காலை ஒளி மோனேவையும் மயக்கியிருக்கும். ஆனால் அந்த ஒளி பால்வெட்டுக்காரருக்கு அழகுப் பொருள் அன்று. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். மழை வந்தால் அன்றைய கூலி போகும். காண்டாவில் வாளிகளைச் சுமந்தவரின் தோளை விட்டுவிட்டு மரநிழலை மட்டும் தீட்டினால், அது வெள்ளைக்கார மேலாளரின் பங்களாத் திண்ணையிலிருந்து பார்த்த தோட்டமாகவே இருக்கும். தோளை மட்டும் தீட்டி ஒளியை விட்டால், அம்மக்கள் துன்பப்பட மட்டுமே பிறந்தவர்கள் என்றாகிவிடும். அவர்கள் கண்ட விடியல் இல்லாமல் போகும். மனப்பதிவியத்திடம் ஒளியையும் பின் மனப்பதிவியத்திடம் உள்ளத்தையும் கற்க வேண்டும் என்று நான் கூறுவது இதனால்தான்.

முடிவுரை

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் தோட்டத்தின் துயரை நிறையவே பேசியுள்ளன. அதன் நிறத்தைக் குறைவாகவே பேசியுள்ளன. செமோர் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் சாய்ந்து, செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துவிட்டன. லயங்களில் வாழ்ந்த தலைமுறையும் குறைந்து வருகிறது. ஓவியம் பயிலும் நண்பர்கள் தூரிகையை எடுக்கட்டும். மற்றவர்கள் தங்கள் வீட்டு முதியவரிடம், என்ன நடந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது எந்தப் பொழுது, அப்போது வெளிச்சம் எப்படி இருந்தது, எதன் நிறம் கண்ணில் நின்றது என்றும் கேட்டு எழுதி வையுங்கள். இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.