சதுரங்கம் ஆடுவோர் உள்ளம்

தோற்றுவாய்

பலகையின்மேற் காய் வைத்து ஆடும் ஆடல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. 'வல்' என்னும் சொல் 'நாய்', 'பலகை' என்னும் சொற்களோடு புணரும் முறையை ஆசிரியர் தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துக் கூறியுள்ளார். ஈண்டு நாய் என்றது விலங்கையன்று. வல்லுப் பலகையில் வைக்கும் காயையேயாம். நரைத்த முதியோர் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன வல்லரங்கில், ஊர் பாழான பின்னர்க் காட்டுக் கோழி முட்டையிடும் என மருதன் இளநாகனார் புறநானூற்றின் 52-ஆம் பாட்டிற் காட்டுகின்றார். நம் கரிசற் காட்டிலும், பாஞ்சாலங்குறிச்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில், மரத்தடியிலும் மண்டபத்துக் கற்றளத்திலும் கட்டம் கீறி ஆடுபுலி ஆடுதல் வழிவழி வந்த வழக்கமாகும்.

ஆயினும், சதுரங்கம் என்றவுடன் நம்மவர் பலர் பின்வாங்குகின்றனர். 1961-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற மானுவேல் ஆரோன், 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரும் 2000-இல் உலக வாகையரும் ஆன விசுவநாதன் ஆனந்த், 2024-இல் பதினெட்டே வயதில் உலகப் பட்டம் வென்ற குகேஷ் ஆகிய மூவரும் தமிழ்நாட்டினராயிருந்தும், "அவர்கள் பிறவியிலேயே மேதைகள், மானாவாரிப் பயிரை நம்பி வாழும் ஊரில் பிறந்த நமக்கு அஃது எட்டுமோ?" என்னும் ஐயம் நீங்கவில்லை. இவ்வையம் தக்கதுதானா? சதுரங்கம் வல்லார் உள்ளம் எவ்வாறு தொழிற்படுகின்றது? கற்பார் எவ்வாறு முன்னேறுகின்றனர்? இவற்றை உளநூலார் ஆராய்ந்து கண்டவாறு ஒரு சிறிது நோக்குவோம்.

காட்சியும் நினைவும்

வல்லவர் பத்து இருபது நகர்வுகளை முன்கூட்டியே கணிக்கின்றனர், ஏனையோர் இரண்டு மூன்றோடு நின்றுவிடுகின்றனர் என்பதே உலகினர் எண்ணம். டச்சு நாட்டு உளநூற் புலவரும் தாமே சிறந்த ஆட்டக்காரருமாகிய டி குரூட் என்பார் இதனைச் சோதிக்கப் புகுந்தார். உலக வாகையராயிருந்த அலெக்கைன், யூவே முதலியோரையும் அவர்க்குக் குறைந்த திறமுடையோரையும் அழைத்து, ஆட்டத்தின் இடைநிலை ஒன்றைக் காட்டி, எண்ணுவன யாவற்றையும் வாய்விட்டுக் கூறுமாறு வேண்டினார். அவர்கள் கூறியவற்றை ஆராய்ந்து 1946-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. தலைசிறந்தோர் ஏனைத் தேர்ந்தோரினும் மிகப் பல நகர்வுகளைக் கணிக்கவில்லை. மிக நெடுந்தொலைவும் கணிக்கவில்லை. சிறந்த நகர்வு அவர் கண்ணில் தொடக்கத்திலேயே பட்டது. பிறர் வீண் வழிகளில் உழன்றுகொண்டிருக்க, அவர் தக்க வழியில் நின்றே கணிக்கத் தொடங்கினர்.

இக் காணும் திறன் யாது? காய்கள் நிற்கும் பலகையைச் சில நொடிகளே காட்டி மறைத்துவிட்டு, நினைவினின்று அடுக்கச் சொன்னார் டி குரூட். வல்லவர் ஏறத்தாழ முழுவதும் அடுக்கினர். 1973-இல் அமெரிக்கராகிய சேஸ், சைமன் என்னும் இருவர் இச்சோதனையை மேலும் ஓர் அடி முன்னே கொண்டு சென்றனர். உண்மையான ஆட்டத்து நிலையை ஐந்து நொடி காட்டியபொழுது, தேர்ந்தவர் பதினாறு காய்கள் வரையிலும் தொடக்க நிலையினர் நான்கு காய்களளவிலும் இடம் மாறாது வைத்தனர். பின்னர், அதே காய்களை ஒரு முறையுமின்றி இறைத்து வைத்துக் காட்டினர். அப்பொழுது தேர்ந்தவரும் நான்கு காய்களளவில் நின்றுவிட்டனர். ஆதலின், தேர்ந்தவரது சிறப்பு நினைவாற்றலின் மிகுதியன்று. பொருளுள்ள நிலைகளில் காய்களைத் தனித்தனியே காணாமல், தொகுதி தொகுதியாகக் காண்பதே அவர்தம் சிறப்பென்பது தெளிவாயிற்று.

தொகுதி என்பதனை ஆடுபுலி ஆட்டத்தினின்றே விளக்கலாம். அதில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உள. ஆட்டை அடுத்து, அதே கோட்டில், வெறும் புள்ளி ஒன்று இருப்பின் புலி தாவி அவ்வாட்டை வெட்டும். புதிதாக ஆடுவோன் புலியைக் காண்பான், ஆட்டைக் காண்பான், வெறும் புள்ளியைக் காணான். பழகியவனோ புலி, ஆடு, பின்னுள்ள வெறும் புள்ளி ஆகிய மூன்றையும் ஒரே பொருளாகக் கண்டு, "இங்கு வெட்டு உண்டு" என்று கணத்தில் உணர்வான். சதுரங்கத்திலும் அரசனைக் காத்து நிற்கும் காலாட்கள், ஒரே நேரத்தில் இரு காய்களைத் தாக்கும் குதிரை, யானையின் நேர்வழியில் சிக்கிக் கொண்ட மந்திரி என இத்தகைய தொகுதிகள் எண்ணிறந்தன. மாஸ்டர் ஒருவர் உள்ளத்தில் இவை பதினாயிரக் கணக்கில் உள்ளன என ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர்.

தமிழ் கற்பார்க்கு இஃது அயலான செய்தியன்று. யாப்பறிந்தான் ஒருவன் புதியதொரு வெண்பாவைக் கேட்டவளவில் சீரும் தளையும் அடியும் தாமே வந்து நிற்ப, இருமுறை கேட்டு ஒப்பித்துவிடுவான். அவ்வெண்பாவின் எழுத்துகளையே முறை மாற்றிக் கொடுப்பின், அவனும் நம்மைப் போலவே திகைப்பான். கரிசல் நிலத்து உழவர் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கைக்குள் அழுத்திப் பார்த்து, விதைப்புக்குப் பதம் உண்டு, இல்லை என்று சொல்லுவதும் இவ்வகையினதே. அவர் கணக்கிட்டுச் சொல்லவில்லை. பல்லாண்டு கண்டதனைக் கை அறிகின்றது.

ஆழ்ந்து நோக்கல்

காட்சி ஒன்றே போதும் என்று கருதிவிடலாகாது. கண் தருவது ஒரு கருத்து. அதனைச் சோதித்தல் அறிவின் கடமை. வல்லவர் ஒரு நகர்வைச் சிறிது ஆராய்ந்து விட்டு, வேறொன்றை நோக்கி, மீண்டும் முன்னையதற்கே திரும்பி, முன்னினும் ஆழமாக ஆராய்கின்றனர் என்பதும் டி குரூட் கண்டதே. கிணறு வெட்டுவோர் ஒரே நாளில் நீர்மட்டத்தை எட்டாது, நாடோறும் விட்ட இடத்திலிருந்து தோண்டுவது போல்வது அது.

இச்சோதனையை எந்த நோக்கத்தோடு செய்கின்றனர் என்பதிலும் வேற்றுமை உண்டு. 2004-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், தொடக்க நிலையினர் தாம் விரும்பிய நகர்வுக்கு எதிரி தமக்கு இசைவாகவே விடையளிப்பான் என்று எண்ணும் இயல்பினராகவும், தேர்ந்தவர் தம் நகர்வை உடைக்கத்தக்க விடையையே தேடும் இயல்பினராகவும் காணப்பட்டனர். முன்னவர் தம் கருத்துக்குத் துணை தேடுகின்றனர். பின்னவர் தம் கருத்துக்குப் பகை தேடுகின்றனர். சதுரங்கத்தில் முன்னேற்றம் என்பது பெரும்பாலும் இவ்வொரு திருப்பத்தில் அடங்கியுள்ளது எனலாம்.

பழக்கம் மறைப்பன

அறிவு துணை செய்வது போலவே தடை செய்வதும் உண்டு. 2008-இல் பிலாலிச், மக்கிளியட், கோபே என்னும் மூவர் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்று. ஒரு நிலையில் எல்லாரும் நன்கறிந்த பழைய வெற்றி வழி ஒன்றும், அதனினும் குறுகிய புதிய வழி ஒன்றும் இருந்தன. பழைய வழியைக் கண்டுகொண்ட வல்லவர் பலர் குறுகிய வழியைக் காணவேயில்லை. பழைய வழியை நீக்கி அமைத்தபொழுது எளிதிற் கண்டனர். இன்னும் வியப்பானது ஒன்று: "வேறு வழி உண்டோ என்று தேடுகின்றோம்" என்று அவர்கள் உண்மையாகவே கூறியபொழுதும், அவர்தம் கண்கள் பழைய வழிக்குரிய கட்டங்களிலேயே திரும்பத் திரும்பப் படிந்தமையைக் கருவி காட்டிற்று.

இக்குற்றம் பலகைக்கு மட்டும் உரியதன்று. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1799-இல் வீழ்ந்தபின் இடித்து நிரவப்பட்டது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய சில நாட்களில் அம் மண்மதில் மீண்டும் எழுந்தது. தொடர்ந்து வந்த ஆங்கிலப் படையினர், தரைமட்டமாயிற்று என்று தாம் அறிந்திருந்த கோட்டை எதிரே நிற்கக் கண்டு திகைத்ததைப் படைத்தலைவருள் ஒருவரான வெல்ஷ் தம் நினைவுக் குறிப்பிற் பதிந்துள்ளார். மார்ச் 31-ஆம் நாள் அவர்கள் செய்த தாக்குதல் பேரிழப்புடன் முறிந்தது. புதிய படையும் பீரங்கியும் வந்து சேர்ந்த பின்னர், மே 24-ஆம் நாளே கோட்டை வீழ்ந்தது. நேற்றைய நிலையை இன்றைய நிலையாகக் கொள்வார்க்குப் பலகையும் இவ்வாறே பாடம் புகட்டும்.

இதற்கு மாறான நல்லெடுத்துக்காட்டும் உண்டு. 2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்குரிய பதினான்காம் ஆட்டம் சமனாக முடியும் போலத் தோன்றிற்று. ஐம்பத்தைந்தாம் நகர்வில் டிங் லிரென் தம் யானையைப் பொருந்தா இடத்தில் வைத்தார். குகேஷோ அப்பிழையை உடனே காணவில்லை. தாம் முன்னரே எண்ணியிருந்த வேறொரு நகர்வை ஆட இருந்ததாகவும், பின்னரே எதிரியின் மந்திரி சிக்குவதைக் கண்டதாகவும் அவரே கூறினார். கைக்கு வந்த நகர்வை ஆடிவிடாது, மாறிய நிலையை மீண்டும் ஒருமுறை நோக்கிய அந் நோக்கே உலகப் பட்டத்தை அளித்தது.

தேர்ச்சி பெறும் நெறி

இவற்றால் கற்போர் கொள்ளத்தக்க நெறிகள் சில பெறப்படும்.

முதலாவது, தொகுதிகளைத் தேடிச் சேர்த்தல். சிறு சிறு புதிர்களை நாடோறும் விடுவித்தலும், காய் குறைந்த இறுதி நிலைகளைப் பயில்தலும் இதற்கு ஏற்றவை. ஆனந்த் ஆறு வயதில் தம் அன்னையாரிடம் ஆட்டம் கற்றார். பின்னர் மணிலா நகரில் வாழ்ந்த சிறு பருவத்தில், தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை விடுவித்து அவர் பரிசாகப் பெற்ற நூல்கள் பல. சென்னைக்குத் திரும்பியபின், மானுவேல் ஆரோன் 1972-இல் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகம் அவர்க்குப் பயிற்சிக் களமாயிற்று. புதிர்களாற் சேர்ந்தது ஆங்கு வந்த வலிய ஆட்டக்காரரோடு மோதித் தெளிவுற்றது.

இரண்டாவது, தனியே அமர்ந்து ஆராய்தல். 2005-இல் சார்னஸ் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆட்டக்காரரது தரத்தோடு மிகுதியும் பொருந்தி வந்தது தனித்திருந்து கருத்தூன்றிப் படித்த நேரமே. விரைவாட்டங்கள் பல ஆடுதல் கைப்பழக்கம் தரும். ஆனால், செய்த பிழை ஏன் நேர்ந்தது என்று நின்று நோக்கவிடாது. ஆகவே, ஆடிய ஆட்டத்தை எழுதி வைத்து, எந்த நகர்வில் என்ன எண்ணினோம் என்பதையும் உடன் குறித்து, தோற்ற ஆட்டத்தையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவது, விடையைப் பிறரிடம் கேட்குமுன் தானே தேடுதல். இக்காலத்துக் கணிப்பொறி எந்நிலைக்கும் சிறந்த நகர்வை நொடியிற் கூறிவிடும். குகேஷின் ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா தம் மாணாக்கரைத் தொடக்க ஆண்டுகளில் அப்பொறியின் துணையின்றியே பயிற்றினார். உரை நூலைப் பார்த்துவிட்டுச் செய்யுளைப் படிப்பவன் பொருளை அறிவான். பொருள் காணும் திறனை அறியான். அதுபோல்வதே இதுவும்.

நான்காவது, தோல்வியைத் தாங்குதல். 2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலக வாகையரை எதிர்க்கும் உரிமைக்காக எண்மர் ஆடிய போட்டியின் ஏழாஞ் சுற்றில், குகேஷ் அலிரேசா பிரூஜாவிடம் தோற்றார். மறுநாள் ஓய்வு நாள். அத்தோல்விக்குப் பின் தம் உள்ளம் தெளிந்திருந்ததென்றும், அதுவே திருப்பமாயிற்று என்றும் அவர் பின்னர்க் கூறினார். பதினான்கு சுற்றில் ஒன்பது புள்ளி பெற்று முதலிடம் எய்தினார். அப்பொழுது அவருக்கு வயது பதினேழு.

முடிவுரை

தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு இனி விடை கூறலாம். இயற்கையறிவுக்கு ஒரு பங்கும் இல்லை என்பது பொய். அர்ஜென்டினா நாட்டு ஆட்டக்காரரை ஆராய்ந்து 2007-இல் வெளியான கட்டுரையில், ஒருவர் மாஸ்டர் நிலையை ஏறத்தாழ 3,000 மணி நேரப் பயிற்சியிலும், மற்றொருவர் 23,000 மணிக்கு மேற்பட்ட பயிற்சியிலும் எய்தினர் எனக் காணப்பட்டது. மக்கள் எல்லார்க்கும் வழி ஒரே நீளமுடையதன்று. ஆயினும், வழி ஒன்றே; அதனை நடந்தே கடத்தல் வேண்டும் என்பது எல்லார்க்கும் பொது. அவ்வழிக்கு வேண்டுவன ஒரு பலகை, முப்பத்திரண்டு காய்கள், ஒரு குறிப்பேடு, எண்ணத்தைத் தானே மறுக்கும் துணிவு ஆகியவையே. இவற்றுள் யாதும் கரிசற் சீமைக்கு எட்டாததன்று.

சதுரங்கம் ஆடினாற் கணிதமும் பிற கல்வியும் தாமே வளரும் என்று கூறுவாரும் உளர். அதற்கு வலிய சான்று இல்லை என்பதே பல ஆராய்ச்சிகளையும் தொகுத்து நோக்கியோர் முடிபு. இறைத்து வைத்த காய்கள்முன் மாஸ்டரும் மயங்கியதை நினைவு கொள்வோர்க்கு இது வியப்பாகாது. ஒரு துறைத் தேர்ச்சி அத்துறைக்கே உரியது. ஆனால், அத்தேர்ச்சி பிறந்த முறை எல்லாத் துறைக்கும் உரியது. கூறு கூறாய்க் கண்டதைத் தொகுதியாகக் காணும்வரை பயில்க. கண்டதனை மறுத்துப் பார்க்க. நேற்று உண்மையாயிருந்தது இன்றும் உண்மையோ என்று வினவுக. தேர்வுக்கு உரை மனனம் செய்து, மாறிய வினாவைக் காணாமலே பழைய விடையை எழுதிவரும் மாணாக்கராகிய நமக்கு, ஆடுகளத்தினின்று கிடைக்கும் இப்பாடம் சிறிதன்று.