ஓய்விலும் உண்ணும் கருவி

மின்தடையின்போது இன்வெர்ட்டர், மின்கலத்தின் நேர்த்திசை மின்னோட்டத்தை மாறுதிசை மின்னோட்டமாக்கித் தருகிறது. விளக்கும் விசிறியும் இயங்காவிடினும், அதன் உட்சுற்றுகள் மின்கலத்தின் ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கும்.

12 வோல்ட் மின்கலத்திலிருந்து அவ்வாறு 1 ஆம்பியர் செல்வதாகக் கொள்க. ஒரு நாளில் 24 ஆம்பியர்-மணி செலவாகும். 150 ஆம்பியர்-மணி மின்கலம் ஏறத்தாழ 6 நாள்களில் தீர்ந்துவிடும்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர் வீட்டின் முதன்மை மின்னிணைப்பை மட்டும் துண்டித்தால், இன்வெர்ட்டர் அதனை மின்தடை என்றே கொண்டு இயங்கும். ஆற்றல் தீர்ந்து கிடக்கும் ஈய-அமில மின்கலத்தின் தகடுகளில் ஈய சல்பேட்டு படிந்து இறுகும். அது மீண்டும் பழைய திறனைப் பெறுதல் அரிது. ஆகவே, மின்கலத்தை முழுமையாக மின்னேற்றியபின், இன்வெர்ட்டரின் விசையையும் அணைத்துவிட்டுப் புறப்படுதல் நன்று.

சொற்பொருள்: அரிது – கடினம், நன்று – நல்லது.

சிந்தித்து எழுதுக: அதே அளவில் செலவானால், 120 ஆம்பியர்-மணி மின்கலம் எத்தனை நாள் தாங்கும்?