வார்டிலும் வீட்டு வாசலிலும்



வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-ல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. அங்கு மாணவர்கள் வார்டில் மட்டுமல்ல, சுற்றுக் கிராமங்களிலும் பயிற்சி பெறுகிறார்கள். இரண்டும் ஏன் வேண்டும்?

வயிற்றுப்போக்கு கண்ட ஒரு குழந்தையை எண்ணிப் பார்ப்போம். வார்டில் எடை பார்க்கக் கருவி உண்டு, டிரிப் ஏற்றலாம், கூப்பிட்டால் டாக்டர் வருவார். குடிசையில் இவை ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரம் எது என்று முதலில் தாயிடம் கேட்டறிய வேண்டும். காய்ச்சி ஆறிய அந்தத் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் கரைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கே கேடு. 24 மணி நேரத்துக்குமேல் அதை வைக்கலாகாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டு, கண் குழிந்து, குடிக்க மாட்டாமற் போனால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த அறிகுறிகளை அடையாளம் காண வார்டு கற்பிக்கிறது. தாய்க்குப் புரியும்படி எடுத்துச் சொல்லக் கிராமம் கற்பிக்கிறது. இதில் ஒன்று குறைந்தாலும் ஆபத்து அந்தக் குழந்தைக்குத்தான்.

ஆகவே தாதியர் பயிற்சிக்கு நாம் கொடுக்கும்போது, புத்தகத்தோடு கிராமத்துக்குச் செல்லும் வண்டியையும், உடன் செல்லும் ஆசிரியையையும் நினைத்துக் கொடுப்போம், அவர்களுக்காக ஜெபிப்போம்.